லித்தியம், குளோசப்பின், மாதாந்த ஊசி எடுக்கிறவருக்கு நாட்பட்ட நோ: எதைக் குடுக்கலாம், எதைக் குடுக்கக் கூடாது?

உப்புவெளித் தாதி

மனச்சிதைவு, இருதுருவ நோய், கடும் மனச்சோர்வு என்று வருசக்கணக்கில் மருந்து எடுக்கிறவர்களுக்கு நாரி நோ, முழங்கால் நோ, கால் எரிவு மூன்று மாதத்துக்கு மேல் இழுபடுவது அடிக்கடி காண்கிற விசயம். மனநலக் கிளினிக்கில் அதைச் சொல்ல மாட்டார்கள், "இது அதுக்குரிய இடமில்லை" என்று நினைப்பு. வெளிநோயாளர் பிரிவில் நோவைச் சொல்வார்கள், மற்ற மருந்தைச் சொல்ல மாட்டார்கள். கடைசியில் சந்திப் பாமசியில் ரெண்டு குளிசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இந்த இழை அந்த ரெண்டு குளிசையைப் பற்றித்தான்.

இருதுருவ நோய்க்குக் குடுக்கிற லித்தியத்தை முதலில் எழுதுகிறேன், அவசரம் அங்கேதான். லித்தியம் உடம்பில் உடைவதில்லை. போட்டதெல்லாம் சிறுநீரகத்தால்தான் வெளியே போக வேண்டும். டைக்குளோபினாக், ஐபுபுரோபன், நப்புறொக்சன், மெபெனமிக் அசிட், இன்டோமெத்தசின் ஆகிய குளிசைகள் சிறுநீரகத்துக்கான இரத்த ஓட்டத்தைக் குறைத்து லித்தியத்தை உள்ளே தேங்க வைக்கும். இரத்த அளவு 20 முதல் 40 விழுக்காடு வரை ஏறும், சிலருக்கு அதற்கும் மேலே. ஒரே நாளில் ஏறாது, சில நாள் எடுக்கும். "நேற்றும் போட்டவர், ஒன்றும் செய்யேல்லை" என்ற பேச்சை நம்பிவிடாதீர்கள். இரத்த அளவு லீற்றருக்கு 0.8 மில்லிமோலில் இருந்தவர் 1.1க்குப் போய், அதோடு வயிற்றோட்டமோ கச்சான் வெயிலில் வேலையோ சேர்ந்தால் 1.5ஐத் தாண்டிவிடுவார். அது நச்சு அளவு.

லித்தியம் எடுக்கிறவருக்கு விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் இருப்பது வழமை. தேத்தண்ணிக் கோப்பை தளும்புகிற அளவுக்கு நடுக்கம், வாந்தி, வயிற்றோட்டம், நடை தள்ளாட்டம், நாக்குக் குழறல், மந்தம் இதில் எது வந்தாலும் அடுத்த வேளை லித்தியத்தைக் குடுக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. வாகனம் இல்லையென்றால் இலங்கையின் 1990 அம்புலன்ஸ். பிரசருக்கு இனலாபிறில், லொசார்ட்டான், ஹைட்ரோகுளோரோதயசைட் எடுக்கிறவரென்றால் நோக் குளிசையின் ஆபத்து பல மடங்கு.

வைத்தியர் தெரிந்துகொண்டே அந்தக் குளிசையைக் குடுக்க வேண்டி வந்தால் ஒழுங்காகத் தினமும் ஒரே அளவு. நொந்தால் மட்டும் போடுகிற முறை லித்தியத்தோடு சரிவராது, அளவு ஏறி இறங்கும். தொடங்கி 5 முதல் 7 நாளில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும். நிறுத்தின பிறகும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிறுத்தினால் அளவு விழும், வருத்தம் திரும்பும். இரத்தம் கடைசிக் குளிசைக்கு 12 மணித்தியாலம் கழித்து எடுப்பது. இரவு 8க்குப் போட்டால் காலை 8க்கு, காலைக் குளிசை இருந்தால் இரத்தம் குடுத்த பிறகு.

இதயத்துக்குப் போடுகிற 75 மி.கி. அஸ்பிரின் லித்தியத்தை ஏற்றாது. அதைப் பயந்து நிறுத்த வேண்டாம்.


மூதூர்க் கரை

அப்ப நோவுக்கு வேறென்ன குடுக்கிறது அக்கா? எல்லாத்துக்கும் பரசிற்றமோல் எண்டால் அது கேக்குதில்லையே.


பாமசி மூலை

பரசிற்றமோல் 500 மி.கி. குளிசை ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளில் எட்டுக்கு மேலே இல்லை. இது 50 கிலோவுக்கு மேல் நிறையுள்ள, ஈரல் பழுதில்லாத வளர்ந்தவருக்கு. மெலிந்தவர், சரியாகச் சாப்பிடாதவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் ஒருக்கா ஒன்று, நாளைக்கு நாலோடு நிறுத்த வேண்டும். தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

"கேக்குதில்லை" என்பது பல நேரம் உண்மைதான். பழைய நாரி நோவுக்கு அது பெரிதாக உதவுவதில்லை. ஒழுங்கான நேரத்துக்கு ரெண்டு கிழமை குடுத்துப் பாருங்கள். நடையிலோ நித்திரையிலோ மாற்றம் தெரியவில்லையென்றால் நிறுத்துங்கள். வேலை செய்யாத குளிசையை வருசக்கணக்கில் விழுங்குவதில் பிரயோசனம் இல்லை.

ஒரு முழங்கால், ஒரு மணிக்கட்டு என்று இடம் குறிப்பாக இருந்தால் டைக்குளோபினாக் ஜெல் நல்லது. முழங்காலுக்கு அரைநெல்லிக்காய் அளவு எடுத்து, சுற்றிவரத் தேய்த்து, நாளைக்கு மூன்று நாலு தரம். குளிசையோடு பார்த்தால் இரத்தத்தில் சேருவது நூற்றில் ஆறு பங்கு அளவுதான். லித்தியம் எடுக்கிறவரும் சின்ன இடத்துக்குப் பூசலாம், கிளினிக்கில் சொல்லிவிட்டு. நாரி, தோள், ரெண்டு முழங்கால் என்று உடம்பெல்லாம் பூசினால் அந்தக் கணக்குப் பிழைக்கும். பூசின இடத்தில் சுடுதண்ணிப் பை வைக்கவும் கூடாது.

மனச்சோர்வுக்கு ஃபுளூஒக்ஸற்றின், செற்றலின் எடுக்கிறவருக்கு வேறு சிக்கல். அந்த மருந்து இரத்தத் தட்டுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைக்கும், நோக் குளிசை இரைப்பையின் உட்தோலை அரிக்கும். ரெண்டும் சேர்ந்தால் இரைப்பை இரத்தம் கசியும். மலம் தார் மாதிரிக் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தவிர்க்க முடியாமல் குடுத்தால் வைத்தியர் ஒமிப்பிறசோல் 20 மி.கி. காலைச் சாப்பாட்டுக்கு முன் சேர்த்து எழுதுவார். அந்தக் குளிசை துண்டில் இல்லையென்றால் வாய் திறந்து கேளுங்கள்.


மூதூர்க் கரை

திறமடோல்? அதுதான் கெட்டி மருந்து எண்டு சொல்லினம்.


பாமசி மூலை

ஃபுளூஒக்ஸற்றினோடு திறமடோல் மூன்று விதமாகப் பிழைக்கும். ரெண்டும் மூளையில் செரட்டோனினை ஏற்றுவதால் பதகளிப்பு, வியர்வை, உடம்பு உதறல், வயிற்றோட்டம், காய்ச்சல் வரலாம். வலிப்பு வரும் வாய்ப்புக் கூடும், மனச்சிதைவுக்குக் குளோசப்பின் எடுக்கிறவருக்கு அது இன்னும் கூட. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: திறமடோல் ஈரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் முழுப் பலம் காட்டும். ஃபுளூஒக்ஸற்றின் அந்த நொதியை அடைத்துவிடும். நோ குறையாது, மற்றக் கெடுதி மட்டும் கூடும். "கேக்கேல்லை" என்று வீட்டுக்காரர் இன்னும் ஒன்று குடுப்பார்கள். அந்த இன்னும் ஒன்றுதான் வலிப்பில் கொண்டுபோய் விடும். கொடீனும் அதே நொதியை நம்பியிருக்கிற மருந்து.


கோணேசபுரி

சித்த மருத்துவப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நோ என்றால் எங்களிடமும் வருவார்கள், மனநல மருந்தை எங்களிடமும் மறைப்பார்கள்.

வெளிப்பூச்சு எண்ணெய், ஒற்றடம், மெல்லிய உருவல் மனநல மருந்துகளோடு மோதாது. பயம் உள்மருந்திலும் பத்தியத்திலும்.

வாத நோவுக்கு உப்பில்லாப் பத்தியம் சொல்கிற வழக்கம் இருக்கிறது. லித்தியம் எடுக்கிறவருக்கு அது நேரடி ஆபத்து. சிறுநீரகத்துக்கு உப்பும் லித்தியமும் கிட்டத்தட்ட ஒரே ஆள் மாதிரித்தான் தெரியும். உப்புக் குறைந்தால் அது உப்பைப் பிடித்து வைக்கப் பார்க்கும், அதோடு லித்தியத்தையும் பிடித்து வைக்கும். 1949இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் லித்தியத்தை உளநோய்க்கு அறிமுகம் செய்தார். அதே வருசம் அமெரிக்காவில், உப்புக் கூடாது என்று சொல்லப்பட்ட இதய நோயாளருக்கு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைட்டை விற்று, ஆட்கள் செத்த பிறகு சந்தையிலிருந்து எடுத்தார்கள். உப்பில்லாச் சாப்பாடும் லித்தியமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அந்தச் சாவுகள் காட்டின. எனவே லித்தியம் எடுக்கிறவருக்கு உப்பைக் கூட்டவும் வேண்டாம், திடீரென்று குறைக்கவும் வேண்டாம். நேற்றுச் சாப்பிட்ட மாதிரி இன்றைக்கும் சாப்பிடட்டும்.

பாதரசம், கந்தகம், பாடாணம் சேர்ந்த செந்தூர வகை சிறுநீரகத்தைத் தொடும். லித்தியத்தோடு வேண்டவே வேண்டாம். அதிமதுரம் நாட்கணக்கில் உள்ளுக்கு எடுத்தால் பொட்டாசியம் குறையும். ஹலோபெரிடோல் மாதிரி, ஈ.சி.ஜி.யில் QT என்கிற இடைவெளியை நீட்டுகிற மனச்சிதைவு மருந்தோடு அது துடிப்புக் கோளாறைக் கிளப்பும்.

கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஏழு கிணறும் ஏழு விதச் சூடு, இளஞ்சூட்டுக் கிணற்றில் தொடங்கி நாரியிலும் தோளிலும் வாளியால் ஊற்றலாம். இந்த மருந்துகளில் பல வியர்ப்பைக் குறைப்பதால் உச்சி வெயிலில் வேண்டாம், காலையில் போங்கள். குளித்த கையோடு சட்டென்று எழும்பினால் தலை சுற்றும், கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பட்டும்.


கிண்ணியாப் பாலம்

நோன்பு காலத்துக்கு என்ன செய்யிறது? எங்கட பக்கம் லித்தியம் எடுக்கிற ஆக்கள் நோன்பையும் விட மாட்டாங்க, நோவுக்குக் குளிசையும் போடுவாங்க.


உப்புவெளித் தாதி

நானா, நோன்புக்கு ஒரு மாதம் முன்னமே கிளினிக்கில் சொல்ல வேண்டும். லித்தியம் அளவும் சிறுநீரக இரத்தமும் பார்த்து, நிலை சரியென்றால் வைத்தியர் முழு அளவையும் இரவு ஒரே வேளைக்கு மாற்றி விடலாம். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும், ஒரேயடியாக இல்லை. நோன்பு நாளில் டைக்குளோபினாக் குடும்பம் அறவே கூடாது, தண்ணீர் இழப்பும் அதுவும் சேர்ந்து ஒரே சிறுநீரகத்தைத்தான் அடிக்கும். வாந்தி, வயிற்றோட்டம் வந்த அன்றைக்கு நோன்பை விட வேண்டும். மார்க்கத்தில் நோயாளிக்குச் சலுகை இருப்பது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கந்தசட்டிக்கு ஆறு நாள் தண்ணீர் மட்டும் குடிக்கிறவருக்கும் இதே பேச்சுத்தான், அங்கே உப்பும் இல்லாமல் போகிறது.


நிலாவெளி பிசியோ

மருந்துக்கு முன்னால், நோ எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் குளிசை தேடுவதுதான் எனக்குக் கவலை. "கால் நோகுது" என்று ஒரே சொல்லைச் சொல்வார்கள். அதற்குள் குறைந்தது மூன்று வேறு வருத்தம் இருக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஹலோபெரிடோல், புளூபெனசின் ஊசி, ரிஸ்பெரிடோன் தொடங்கி அல்லது அளவு கூட்டிக் கொஞ்ச நாளில் "கால் உளையுது, ஒரு இடத்தில இருக்க ஏலாது" என்றால் அது மருந்தால் வந்த உளைவு. நடந்தால் சுகம், இருந்தால் கூடும். நோக் குளிசை அதற்கு ஒன்றும் செய்யாது. வைத்தியர் அளவைக் குறைப்பார், அல்லது புறப்பிறனோலோல் சேர்ப்பார். ஆஸ்துமா உள்ளவருக்குப் புறப்பிறனோலோல் கூடாது. இந்த உளைவைத் தாங்க முடியாமல் தற்கொலை எண்ணம் வருவதும் உண்டு, அடுத்த கிளினிக் திகதிவரை வைத்திருக்காதீர்கள். மனம் தாங்காத நேரத்தில் பேச 1926, தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி.

நடந்தால் கெண்டைக்கால் இறுகி நோகும், நின்றால் ரெண்டு மூன்று நிமிசத்தில் விடும் என்றால் அது காலுக்குப் போகிற இரத்தக் குழாய் அடைப்பு. புகைப்பவர்களில் பாருங்கள்.

நடந்தாலும் இருந்தாலும் மாறாமல், இரவில் பாதம் எரிந்து, மிளகாய் பூசின மாதிரி, எறும்பு ஊருகிற மாதிரி இருந்தால் நரம்பு. ஒலன்சப்பின், குளோசப்பின் நிறையைக் கூட்டிச் சீனி வருத்தத்தைக் கொண்டு வரும், சீனி நரம்பைத் தின்னும். அந்தச் சீனிக்கு மெற்போமின் வருசக்கணக்கில் எடுத்தால் விட்டமின் பி12 குறைந்து அதே எரிவு வரும். மச்சம் சாப்பிடாத வீடுகளில் இன்னும் கூட. சீனிதான் காரணம் என்று முடிவு கட்ட முன் பி12 இரத்தம் ஒருக்கா பார்க்கச் சொல்லுங்கள், அது ஊசியால் திருத்தக்கூடியது.

பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் சுட்டுவிரலால் ஒன்றிரண்டு செக்கன் மெல்லத் தொடுங்கள். அமத்தக் கூடாது, தடவக் கூடாது, தட்டக் கூடாது. ஆறு விரலில் ரெண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லையென்றால் அந்தப் பாதத்துக்குப் புண் ஆபத்து. கிளினிக்கில் இதை 10 கிராம் அழுத்தத்துக்கு அளந்து செய்த நைலோன் இழையால் பார்ப்பார்கள். வீட்டில் தங்கூசி நூலை வெட்டிப் பார்க்காதீர்கள், அது அளந்ததில்லை.

தோள் நோவிலும் இதே மாதிரி ஒரு பிரிப்பு. மருந்தால் உடம்பு விறைத்தால் முதலில் நோகிறது தோளாக இருக்கலாம். நடக்கும்போது ஒரு கை வீசாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும், எழுத்துச் சிறுக்கும். அவரது கையை நீங்கள் மெல்ல அசைத்தால் பற்சில்லு மாதிரி விட்டு விட்டு, ஆனால் முழுத்தூரம் போகும். உறைந்த தோளென்றால் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்ப முடியாது, நீங்கள் திருப்பினாலும் பாதியில் நிற்கும். முதலாவதற்கு மருந்தைத் திருத்த வேண்டும், ரெண்டாவதற்குப் பயிற்சி. சீனி உள்ளவருக்கு ரெண்டாவதும் கூடுதலாக வரும்.


தம்பலகாமத்தான்

மன வருத்தக்காரருக்கு நோ அவ்வளவு உறைக்காது என்று படித்த ஆட்களே சொல்கிறார்களே? அப்படியென்றால் அவர் நோ என்று சொல்வது அந்த வருத்தத்தின் பேச்சுத்தானே?


உப்புவெளித் தாதி

அந்தப் பேச்சு, ஜேர்மன் மனநோய் வைத்தியர் கிரெப்பலின் காலத்திலிருந்து வருகிறது. மனச்சிதைவு உள்ளவர் ஊசி குத்தினாலும் அசையாமல் இருப்பதைப் பார்த்து எழுதி வைத்தார்கள். முகத்தில் காட்டாததும், சொல்ல வார்த்தை வராததும், உள்ளே நோகாததும் ஒன்றில்லை. மருந்து முகத்தின் அசைவைக் குறைக்கும், வருத்தம் பேச்சைக் குறைக்கும். குடல்வால் அழற்சி வெடித்த பிறகுதான் தெரிய வருவதும், மாரடைப்பு நெஞ்சு நோவே இல்லாமல் போவதும் இதனால்தான். நியாயமாகப் பார்த்தால் உங்கள் கேள்வியைத் தலைகீழாக்க வேண்டும் தம்பி. குறைவாகச் சொல்கிறவர் ஒருக்கா நோ என்று வாய் திறந்தால், கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

"வயிற்றுக்குள்ள பாம்பு கடிக்குது" என்று ஒருவர் சொன்னால் பாம்பு மாயை, வயிற்று நோ மாயை என்று யார் சொன்னது? அந்த நோவுக்கு அவர் மனம் குடுக்கிற விளக்கம்தான் பிழை. இரைப்பைப் புண், பித்தப்பைக் கல், மலச்சிக்கல் மூன்றையும் பார்த்துத் தள்ளிய பிறகுதான் வேறு பேச்சு. இருதுருவ நோய்க்கு வல்புரோவேற் எடுக்கிறவருக்கு மேல்வயிற்று நோ முதுகுக்குப் பாய்ந்து வாந்தியும் சேர்ந்தால் கணைய அழற்சி, அன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும்.

"பத்துக்கு எத்தனை" என்ற கேள்வி பலருக்கு வேலை செய்யாது. ஒரு கையை விரித்துக் காட்டி, "இந்தக் கிழமை எத்தனை விரல் நோ" என்று கேட்டால் விரலை மடக்கிக் காட்டுவார்கள். அதோடு ரெண்டு கேள்வி: நோவால் வழமையான வேலை எவ்வளவு கெட்டது, மனதுக்குப் பிடித்த எதை விட்டார். வீட்டுக்காரரிடம் வேறு மாதிரிக் கேட்க வேண்டும். கிணற்றடிக்குப் போறவரா, கோயிலுக்குப் போறதை விட்டவரா, ஒரு பக்கம் சரிந்து படுக்கிறவரா, தொட்டால் தட்டிவிடுகிறவரா. திடீரென்று குளிக்க மறுக்கிறவரில் "வருத்தம் கூடிப்போச்சு" என்று மருந்தைக் கூட்ட முன், தோளைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள்.

நாரி நோவில் பொறுக்கக் கூடாதவை: சலம் போக ஏலாமல் போவது, இருக்கிற இடம் விறைப்பது, கால் பலமிழப்பது, காய்ச்சலோ நிறை குறைவோ சேர்ந்த நோ. கடைசியாகச் சொன்னதில் முள்ளந்தண்டுக் காசநோயும் இருக்கலாம். விழுந்த பிறகு வந்த நோவும் சேர்த்தி. ரிஸ்பெரிடோன், பால் சுரக்க வைக்கிற புறொலக்றின் ஹோர்மோனை ஏற்றும். அதனால் மாதவிடாய் நின்று போன பெண்ணில் எலும்பு தேய்ந்து சின்ன விழுகைக்கும் முள்ளெலும்பு நொறுங்கும்.


நிலாவெளி பிசியோ

நடைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், "நடவுங்கோ" என்று மட்டும் சொன்னால் ஒருவரும் நடக்க மாட்டார்கள். மூன்று நாள், நோ கூடத் தொடங்கும்வரை எத்தனை நிமிசம் நடக்கிறார் என்று எழுதுங்கள். 10, 14, 12 என்றால் சராசரி 12. அதிலிருந்து ஐந்திலொரு பங்கைக் குறைத்து 10 நிமிசத்தில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் 10, கூடாத நாளிலும் 10. கிழமைக்கு ஒரு நிமிசம் கூட்டுங்கள். நல்ல நாளில் அரை மணித்தியாலம் நடந்து அடுத்த மூன்று நாள் படுப்பதுதான் எல்லாரும் விடுகிற பிழை.

குளோசப்பின் இரவில் எடுக்கிறவர் காலை 6 மணிக்கு நடக்க மாட்டார், தூக்க மயக்கம். அது சோம்பல் இல்லை. பின்னேரம் ஐந்தரைக்கு மாற்றுங்கள். கடற்கரை மணலில் வேண்டாம், சரிவு ஒரு பக்க இடுப்பைக் கெடுக்கும், காலும் புதையும். உட்துறைமுக வீதி மாதிரிச் சமதரை நல்லது. நடக்க ஏலாதவர் கைபிடியில்லாத கதிரையில் இருந்து ஐந்து தரம் எழும்பி இருக்கட்டும், நாளைக்கு ரெண்டு தடவை.


மூதூர்க் கரை

கால் எரிவுக்கு அமிற்றிப்டிலின் எழுதிக் குடுத்திருக்கினம். அது மன வருத்தத்துக்கும் குடுக்கிறதுதானே, ரெண்டுக்கும் சேர்த்து வேலை செய்யாதோ?


பாமசி மூலை

எரிவுக்குக் குடுக்கிற அளவு வேறு, மனச்சோர்வுக்குக் குடுக்கிற அளவு வேறு. எரிவுக்கு இரவு 10 மி.கி. படுக்க ரெண்டு மணித்தியாலம் முன், கிழமைக்கு 10 கூட்டி, பலருக்கு 25 தொடக்கம் 50இல் நிற்கும். இந்த அளவு கடும் மனச்சோர்வைத் தொடாது. எரிவு குறைய ரெண்டு முதல் ஆறு கிழமை எடுக்கும், மூன்றாம் நாளே விட்டுவிட வேண்டாம்.

இருதுருவ நோய் உள்ளவருக்கு அது மனக்கிளர்ச்சியைக் கிளப்பலாம். நித்திரை குறைந்து பேச்சுக் கூடினால் உடனே கிளினிக். ஃபுளூஒக்ஸற்றின் அமிற்றிப்டிலினின் இரத்த அளவை ஏற்றும். ஹலோபெரிடோலோடு சேர்க்க முன் ஒரு ஈ.சி.ஜி. நல்லது. தற்கொலை எண்ணம் வந்து போன வீட்டில் ஒரு கிழமைக்கு மேலான குளிசை இருக்கக் கூடாது, இது கூடுதலாக விழுங்கினால் இதயத்தைத் தாக்கும். பரசிற்றமோலும் அப்படித்தான் பூட்டி வைக்க வேண்டியது. கூடுதலாக விழுங்கினவர் முதல் நாள் நல்லாகவே நடமாடுவார். அதைப் பார்த்துக் காத்திராதீர்கள், மாற்று மருந்து முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் குடுத்தால்தான் ஈரலை முழுதாகக் காக்கும்.

எரிவுக்கு கபாபென்ரின், பிறிகபலின் மாற்று. மற்ற மருந்துகளோடு ஈரலில் மோதாது, ஆனால் சிறுநீரகத்தைப் பார்த்து அளவு குறைக்க வேண்டும், தூக்கமும் நிறையும் கூடும்.

கார்பமசெப்பின் முகநரம்பு நோவுக்கு நல்ல மருந்து. குளோசப்பினோடு சேர்க்கவே கூடாது, ரெண்டும் வெள்ளணுவை வீழ்த்தும். ரிஸ்பெரிடோன், ஹலோபெரிடோலோடு சேர்ந்தால் ஈரல் அவற்றை வேகமாக உடைத்துத் தள்ளும், சில கிழமையில் பழைய குரல்கள் திரும்பும். "மருந்து எடுக்கிறார், ஆனாலும் வருத்தம் கூடுது" என்றால் இடையில் யார் என்ன சேர்த்தார்கள் என்று தேடுங்கள்.


உப்புவெளித் தாதி

குளோசப்பினுக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். கொடீன், திறமடோல், அமிற்றிப்டிலின், உடம்பு விறைப்புக்குக் குடுக்கிற பென்செக்சோல் நாலும் குடலை மந்தமாக்கும். குளோசப்பின் ஏற்கெனவே குடலைப் பாதி நிறுத்தி வைத்திருக்கும். நோ மருந்து சேர்ந்த முதல் நாளிலிருந்தே "இன்றைக்கு வெளிக்குப் போனவரா" என்று கேட்டுக் குறியுங்கள். மலச்சிக்கல் தொடங்கினால் சென்னா, லக்ருலோஸ் மாதிரி மருந்து கிளினிக்கில் கேளுங்கள். இசப்கோல் மாதிரிப் பருமன் கூட்டுகிறது இங்கே வேண்டாம், அசையாத குடலில் அது கட்டியாகும். வயிறு ஊதி, நொந்து, வாந்தியும் வந்தால் அது அவசரம், உயிர் போகக்கூடியது. தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் பரசிற்றமோலோடு நிறுத்தாமல் அன்றைக்கே இரத்த அணு எண்ணிக்கை. தொடங்கிய முதல் ரெண்டு மாதத்துக்குள் நெஞ்சு நோ, மூச்சு வாங்கல், ஓயாத படபடப்பு வந்தால் இதயத் தசை அழற்சி இல்லையென்று காட்டும்வரை விடக் கூடாது.


கிண்ணியாப் பாலம்

மாதாந்த ஊசி போட்ட இடம் நோகுது எண்டு ஊசியையே விடுற ஆக்கள் இருக்காங்க. அதையும் எழுதுங்க.


உப்புவெளித் தாதி

முக்கியமான கேள்வி. புளூபெனசின் ஊசி நல்லெண்ணெயில் கரைத்தது, தடிப்பாக இருக்கும். ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் போட்டால் கட்டி விழும், கட்டியில் போட்ட மருந்து ஒழுங்காக ஊறாது. கொப்பியில் ஒவ்வொரு முறையும் வலம், இடம் என்று எழுத வேண்டும்.

போடும்போது தசை தளர வேண்டும். குப்புறப் படுத்துக் கால்விரல்களை உள்பக்கம் திருப்பினால் பிட்டத் தசை தளரும். தோலை ரெண்டு மூன்று சென்ரிமீற்றர் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, ஒரு மில்லிலீற்றருக்குப் பத்துச் செக்கன் என்ற வேகத்தில் மெல்லச் செலுத்தி, பத்துச் செக்கன் பொறுத்து, ஊசியை எடுத்த பிறகு தோலை விட வேண்டும். அப்ப எண்ணெய் தோலுக்கடியில் கசியாது. போட்ட பிறகு உரசக் கூடாது. நிறை கூடினவருக்குக் குட்டை ஊசி கொழுப்போடு நின்றுவிடும், கட்டிக்கு அதுவும் காரணம். மற்றப் பக்கம் மாற்றியும் ரெண்டு நாளுக்கு மேல் நொந்தால், சிவந்து சூடாக இருந்தால் காட்டுங்கள்.


தம்பலகாமத்தான்

இவ்வளவையும் பாமசியில் சொல்ல வேண்டுமென்றால் "வீட்டில் மன வருத்தக்காரர் இருக்கிறார்" என்று சந்தி முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் ஒருவரும் சொல்வதில்லை.


பாமசி மூலை

வருத்தத்தின் பெயர் எங்களுக்குத் தேவையில்லை அண்ணை. மருந்தின் பெயர் போதும். அதையும் வாயால் சொல்லத் தேவையில்லை, ஒரு மட்டையில் எழுதி நீட்டுங்கள். உள்ளங்கை அளவு மட்டை, முன்பக்கம் எடுக்கிற எல்லா மருந்தும் அளவோடும் நேரத்தோடும். பிரசர், சீனி மருந்தும் அதிலேயே. மாதாந்த ஊசியைப் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை, அதையும் கடைசியாய்ப் போட்ட திகதியோடு எழுதுங்கள். பெயர்களைக் குளிசைப் பெட்டியில் அச்சடித்திருக்கிற ஆங்கில எழுத்தில் பார்த்து எழுதினால் கந்தளாயிலும் கொழும்பிலும் வாசிப்பார்கள்.

பின்பக்கம் கடைசி லித்தியம் அளவும் திகதியும், சிறுநீரக இரத்தம் பார்த்த திகதியும், ஒவ்வாமையும். லித்தியம் எடுக்கிறவருக்குச் சிவப்பு மையால் ஒரு வரி: "டைக்குளோபினாக், ஐபுபுரோபன் குடுக்க வேண்டாம்." குளோசப்பின் எடுக்கிறவருக்கு: "கொடீன், கார்பமசெப்பின் வேண்டாம், காய்ச்சலென்றால் இரத்தம்."


மூதூர்க் கரை

மட்டை கிளினிக் கொப்பிக்குள்ளேயே கிடந்தால் சரிதானே?


பாமசி மூலை

இல்லை, கொப்பி கிளினிக் நாளில்தான் வெளியே வரும். நோ வருவது மற்ற நாட்களில். அவருடைய அடையாள அட்டையோடு ஒன்று, நோக் குளிசை வாங்கப் போகிறவரின் பேர்சில் இன்னொன்று. மருந்து மாறின அன்றைக்கே ரெண்டையும் கிழித்துப் புதிதாக எழுதுங்கள், வெட்டித் திருத்தின மட்டையில் எது பழசு எது புதுசு என்று எங்களுக்கு விளங்காது.